பிளாவும் மீன்சூடும்

குழம்பை விரல் நுனியில் தொட்டு நாவில் வைத்த அளவிலேயே, புளி சற்றுத் தூக்கல், மிளகு போதாது என்று சொல்லிவிடும் மூதாட்டியரை எந்த ஊரிலும் காணலாம். உணவின் சுவையறிவதில் நம்மவர் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஆனால் மதுவைப் பற்றி அவ்வாறு நுணுகிப் பேசுவோர் நம்மிடையே அரியர். மதுவைப் பற்றி நமக்குத் தெரிந்த பேச்சு இரண்டே. குடித்தவன் பேசும் பேச்சு ஒன்று. குடியைக் கடிந்து பேசும் பேச்சு மற்றொன்று. அதன் மணம் யாது, சுவை யாது, எந்த உணவோடு அது பொருந்தும், எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்னும் மூன்றாவது பேச்சு நம்மிடையே எழுவதே அரிது.

மேலைநாட்டார் இம்மூன்றாவது பேச்சுக்கென்றே விழா எடுக்கின்றனர். பியர் விழா என்றவுடன் பலர்க்கும் நினைவு வருவது ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஒக்டோபர் விழாவே. 1810ஆம் ஆண்டில் ஓர் அரச திருமணத்தை ஒட்டித் தோன்றிய அவ்விழாவில், ஒரு லீற்றர் கொள்ளும் பெருங்குவளையை ஏந்திப் பாடுவதே வழக்கம். யான் இங்குக் குறிப்பது அதனை அன்று. பிரித்தானியாவில் மரபு முறையில் வடிக்கும் பியரைக் காப்பதற்கென 1971இல் ஓர் இயக்கம் தோன்றிற்று. அவ்வியக்கம் 1977 முதலாகப் பெரும் பியர் விழாவை நடத்தலாயிற்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1982இல் மற்றொரு விழா தோன்றிற்று. இந்த அமெரிக்க விழாவில் ஒருமுறை ஊற்றித் தரும் அளவு ஓர் அவுன்ஸ். ஏறக்குறைய 30 மில்லிலீற்றர். இரண்டு மேசைக்கரண்டி அளவு என்று கொள்க. அவ்வளவே!

இத்தகைய விழாக்களில் வழிகாட்டிச் சுவைத்தல் என்றொரு முறை உண்டு. அறிந்தவர் ஒருவர் முன்னின்று கிண்ணங்களை வரிசையாக வைப்பிக்கிறார். மென்மையானது முதலிலும் கடுமையானது இறுதியிலும் வரும். முதலில் நிறத்தைப் பார். பின்னர் மணத்தை முகர். ஒரு மிடறு கொண்டு நா முழுவதும் பரவவிடு. விழுங்கிய பின் மூக்கு வழியாக மூச்சை விடு. நாவில் எஞ்சி நிற்பது யாது என்று கவனி. இவ்வாறு ஒவ்வொரு படியாக அவர் நடத்திச் செல்வார். அருகில் ஒரு சிறு தட்டில் அதற்கிசைந்த உணவு இருக்கும். கிண்ணத்துக்கும் தட்டுக்கும் உள்ள உறவை எடுத்துரைப்பதே அவ்வழிகாட்டியின் தொழில். இக்கலையை இவ்வளவு பரப்பியவருள் மைக்கேல் ஜாக்சன் என்னும் ஆங்கிலேய எழுத்தாளர் முதன்மையானவர். பாடகர் அல்லர், 1942இல் பிறந்து 2007இல் மறைந்த, பியரைப் பற்றிப் பல்லாண்டு எழுதிய மற்றொரு ஜாக்சன். 1977இல் வெளிவந்த அவருடைய நூலே உலகப் பியர் வகைகளைப் பெயரிட்டு வகுத்துக் காட்டியது.

வாசகர் கேட்கலாம்: கொலராடோவும் இலண்டனும் கிடக்கட்டும், கீழ்க்கரையில், மட்டக்களப்புக்கு வடக்கே கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கும் வாகரையில் இருந்து எழுதும் உமக்கு இதனோடு என்ன தொடர்பு என்று. தொடர்பு உண்டு. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

வாகரையின் இரு கிண்ணங்கள்

வாகரையை அறியாதார்க்கு ஒரு சொல். திருகோணமலைச் சாலையில் வாழைச்சேனையைக் கடந்து, மாங்கேணியைத் தாண்டி, பனிச்சங்கேணிப் பாலத்தின் மேல் ஏறினால் இரு மருங்கும் நீர் தெரியும். மேற்கே களப்பு, கிழக்கே வங்கக் கடல். களப்பில் நண்டும் இறாலும். கடலில் பாரையும் சூடையும். கரையில் தென்னையும் பனையும். 2004ஆம் ஆண்டு மார்கழிப் பேரலையும், 2007இன் தொடக்கம் வரை நீடித்த போரும் இம்மக்களை மீண்டும் மீண்டும் ஊரைவிட்டுப் பெயர்த்தன. மக்கள் திரும்பி வந்தனர், வலை திரும்பிற்று, முட்டியும் பாளைக்குத் திரும்பிற்று.

தெற்கே பாசிக்குடாவில் போருக்குப் பின்னர் பெரிய விடுதிகள் எழுந்தன. அங்கே வரும் விருந்தினர் முன் பனிக்கட்டியில் குளிர்ந்த பியர் வருகிறது. நம்மூர்த் தவறணையில் உழைத்துக் களைத்தவன் முன் கள் வருகிறது. முன்னதைப் பருகுவோர் நாகரிகர் என்றும் பின்னதைப் பருகுவோர் குடிகாரர் என்றும் நாம் வகுத்து வைத்திருக்கிறோம். ஆயினும் அளந்து பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகளே. நம் நாட்டு லயன் லாகர் பியரில் மதுசாரம் 4.8 வீதம். இறக்கி ஒரு நாள் சென்ற கள்ளில் 4 முதல் 6 வீதம் வரை. இரண்டும் காய்ச்சி வடிக்காதவை. இரண்டிலும் இனிப்பை மதுவாக்குவது மதுவம் என்னும் நுண்ணுயிரே.

பியரின் பிறப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாற்கோதுமையை நனைத்து முளைவிடச் செய்து, முளைத்ததும் சூட்டில் உலர்த்துவர். அதுவே மோல்ற் எனப்படுவது. அதனை வெந்நீரில் ஊறவிட, தானியத்தின் மாப்பொருள் சர்க்கரையாக மாறும். அச்சாற்றை ஹொப் என்னும் கொடிப்பூவோடு கொதிக்கவிடுவர். கைப்பும் மணமும் அதனால் வரும். ஆறியபின் மதுவம் இட, சர்க்கரை மதுசாரமும் காபனீரொட்சைட்டும் ஆகும். குளிரில் மெல்ல நொதிப்பது லாகர். சற்று வெம்மையில் விரைந்து நொதிப்பது ஏல். மோல்றைக் கருக வறுத்தால் கோப்பியும் கருஞ்சொக்கலேற்றும் போன்ற மணம் எழும். அதுவே கரிய ஸ்டௌட்.

இலங்கையில் பியர் நேற்று வந்ததன்று. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், அதற்கு முன்னர் நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்தார். 1849இல் அவர் அங்கே பியர் காய்ச்சத் தொடங்கினார். 1881இல் அவ்வூரில் சிலோன் பிரூவரி நிறுவப்பெற்றது. லயன் அதன் வழிவந்தது. முன்னர்க் குறித்த ஜாக்சன் நம் நாட்டு ஸ்டௌட்டைச் சுவைத்து அதன் புகழை உலகுக்கு எடுத்துரைத்தார். நம் நாட்டவர் பலர் அதனை மலிவாகவும் விரைவாகவும் மயக்கந் தரும் கறுப்புப் போத்தலாகவே அறிவர். அவரோ அதனை உலகின் சிறந்த ஸ்டௌட்டுகளுள் ஒன்றாக அறிந்தார். பொருள் ஒன்றே, கண்டவர் கண் வேறு.

முற்பகலில் கள்

இச்சுவைத்தல் முறையை நம் உணவோடு பொருத்திப் பார்த்தால் என்ன என்னும் எண்ணம் எனக்கு நெடுநாள் இருந்தது. கச்சான் காற்று ஓய்ந்திருந்த ஒரு நாளில் அது கைகூடிற்று. நாங்கள் நால்வர்: பாசிக்குடா விடுதியொன்றில் சமையற்காரராக இருந்து இத்தகைய சுவைத்தல்களுக்குத் தட்டு அமைத்துப் பழகிய ஒருவர், களப்பில் வலை வீசும் ஒருவர், மரம் ஏறும் முதியவர் ஒருவர், யான். மீன்பிடிக்கும் நண்பரின் மனைவியார் சமைக்க இசைந்தார். பருகுவதற்கு இசையவில்லை. அது பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

சமையற்காரர் முறைப்படி, மென்மையான பியரில் தொடங்கி ஸ்டௌட்டில் முடிக்கலாம், கள்ளை இறுதியில் வைக்கலாம் என்றார். முதியவர் மறுத்துத் தலையசைத்தார். போத்தல் காத்திருக்கும், கள் காத்திராது என்றார். அந்த ஒரு சொல்லால் அன்றைய வழிகாட்டி யார் என்பது தீர்ந்துவிட்டது. ஆகவே முற்பகலில் கள், மாலையில் பியர் என்று வகுத்துக்கொண்டோம்.

அவர் இரண்டு முட்டிகளை முன்வைத்தார். இரண்டும் ஒரே மரத்துக் கள். ஒன்று அன்று காலை இறக்கியது. மற்றொன்று முதல் நாள் காலையது. அவற்றோடு மூன்றாவதாக, உட்புறம் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கிய கருப்பநீரும் இருந்தது. தமிழகத்தார் பதநீர் என்பது இதனையே. சுண்ணாம்பு நொதித்தலைத் தடுப்பதால் இதில் மதுவே இல்லை. பாளையின் இனிமை அப்படியே நிற்கும். சுண்ணாம்பில்லாத முட்டியிலோ, சாறு சொட்டும்போதே மதுவம் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. மரத்திலிருந்து இறங்கும்போதே அது பாதி கள்.

ஓலையை மடித்துக் கோலிய பிளாவில் முதலில் கருப்பநீரைத் தந்தார். பின்னர் காலைக் கள். அதன்பின் முதல் நாட்கள். சர்க்கரை எவ்வாறு படிப்படியாகக் கரைந்து மதுவும் புளிப்பும் ஆகிறது என்பதை நாவினாலேயே படிக்கும்படி அமைந்தது அவ்வரிசை. காலைக் கள்ளில் இளநீரின் மென்மையும், மாவைப் புளிக்கவைத்தாற் போன்ற மணமும், நுனி நாவில் கூசும் நுரையும் இருந்தன. முதல் நாட்கள்ளில் இனிப்பு வடிந்து, எலுமிச்சை போன்ற கூரிய புளிப்பு நின்றது. இன்னும் ஒரு நாள் சென்றால் இது வினாகிரி. கறிக்கு ஆகும், வாய்க்கு ஆகாது என்றார் முதியவர். விடுதியில் பழகிய சமையற்காரர் பிளாவை மூக்கருகே பிடித்தபடி நெடுநேரம் பேசாதிருந்தார்.

இனி உணவு. சுவைகளை இணைப்பதற்கு மேலைநாட்டார் சொல்லும் நெறிகளை நம் மொழியில் மூன்றாக அடக்கலாம்: ஒப்பு, முரண், துடைப்பு. ஒத்த சுவையை ஒத்த சுவையோடு சேர்த்தல் ஒப்பு. எதிர்ச்சுவையால் ஒன்றை மற்றொன்று எடுத்துக்காட்டச் செய்தல் முரண். எண்ணெயும் கொழுப்பும் படிந்த நாவைக் குமிழாலும் புளிப்பாலும் கழுவி அடுத்த கவளத்துக்கு ஆயத்தமாக்குதல் துடைப்பு.

காலைக் கள்ளோடு அவித்த மரவள்ளிக் கிழங்கும் பச்சை மிளகாய்ச் சம்பலும் வந்தன. கிழங்கின் மாத்தன்மையும் கள்ளின் மென்மையும் ஒப்பு. சம்பலின் காரத்தைக் கள்ளில் எஞ்சியிருந்த இனிப்பு தணித்தது முரண். முதல் நாட்கள்ளோடு தணலில் சுட்ட பாரையும், தேங்காய்ப்பூ இட்டுச் சுண்டிய கூனியும் வந்தன. மீனுக்கு எலுமிச்சை பிழிய வேண்டியிருக்கவில்லை. கள்ளின் புளிப்பே அவ்வேலையைச் செய்தது. கூனியின் உப்பும் கடல்வாடையும் அப்புளிப்பில் கழுவப்பட்டு, மீண்டும் ஒரு பிடி வேண்டும் என்னும் விருப்பமே எஞ்சிற்று. யான் கவனித்த ஒன்று: விரும்பியது மறுபிடி கூனியை, மறுபிளாக் கள்ளை அன்று.

மாலையில் பியர்

மாலையில் சமையற்காரர் முறை. நன்கு குளிர்ந்த லாகரோடு பொரித்த சூடை மீனை வைத்தார். இது துடைப்புக்கு எடுத்துக்காட்டு. மொறுமொறுப்பான மீனின் எண்ணெயை லாகரின் குமிழும் மெல்லிய கைப்பும் வெட்டி எறிந்தன. அதே லாகரை நண்டுக் குழம்போடு கொள்ளச் சொன்னார். உடனே மிளகாய் பற்றியெரிந்தது! குமிழும் கைப்பும் காரத்தை மிகுவிக்கும். தண்ணென்று இருப்பதால் தணிக்கும் என்று நாம் எண்ணுவது சில நொடிகளுக்கே மெய். கைப்பு மிகுந்த ஏல் வகைகள் நம் குழம்புகளோடு இன்னும் மோசமாகப் பொருதும் என்றார் அவர். காரமான கறிக்கு மோல்றின் இனிப்பு மிகுந்து கைப்புக் குறைந்ததே பொருந்தும்.

அதனை மெய்ப்பிக்க ஸ்டௌட் வந்தது. இதனை மிகக் குளிரவைத்தல் கூடாது. குளிர் மணத்தை அடைத்துவிடும். நம் கறித்தூள் மிளகாயையும் மல்லியையும் கருக வறுத்து இடித்தது அல்லவா? ஸ்டௌட்டின் மோல்றும் கருக வறுத்ததே. வறுவலும் வறுவலும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. தேங்காய்ப் பாலில் வெந்த நண்டின் இனிமை இரண்டுக்கும் நடுவே பாலமிட்டது. இலண்டன் மாநகரத்தார் சிப்பியோடு ஸ்டௌட் அருந்திய பழைய வழக்கத்துக்கு எங்கள் களப்பு நண்டு உறவுமுறை கொண்டாடிற்று எனலாம். ஆயினும் இதில் மதுசாரம் எட்டு வீதத்துக்கும் மேல். லாகரை ஒத்து ஏறத்தாழ இருமடங்கு. ஆகவே அவர் ஊற்றியது இரண்டு மேசைக்கரண்டிக்கு மிகவில்லை. இறுதியில் மட்டக்களப்பு எருமைத் தயிரும் பனங்கட்டியும் அதே ஸ்டௌட்டோடு வந்தன. கைப்பும் இனிப்பும் புளிப்பும் முரணி நின்ற அச்சுவையோடு அன்றைய சுவைத்தல் நிறைந்தது. நால்வரும் தெளிவாக எழுந்து நடந்தோம்.

சங்கச் சான்றோர் வைத்த தட்டு

இதெல்லாம் மேலைநாட்டுப் பழக்கம், நமக்கு ஏன் என்போர்க்குப் பத்துப்பாட்டை நினைவூட்ட விரும்புகிறேன். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்பை நமக்குக் காட்டுகிறார். அங்கே கிடைக்கும் மது பனையினதும் அன்று, தென்னையினதும் அன்று. அரிசியைக் கூழாக்கி, அகன்ற வாயுடைய பிழாவில் ஆறவைத்து, அதில் முளையை இடித்துக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டுப் பிழிந்தெடுத்தது. தானியத்தை வேகவைத்து, முளையால் இனிப்பாக்கி, நொதிக்கவிட்டு எடுக்கும் மதுவுக்கு இன்று உலகம் வழங்கும் பெயர் பியர். ஹொப் மட்டுமே இல்லை. பிளா என்று இன்று நாம் சொல்லுவதும் அப்பிழாவும் ஒலியால் எவ்வளவு அண்டையில் நிற்கின்றன!

அதனினும் வியப்பு, அப்புலவர் அம்மதுவைத் தனியே தரவில்லை என்பது. மீனைச் சுட்டு அதனோடு தருகிறார். சிறுபாணாற்றுப்படையிலும் எயிற்பட்டினத்துப் பரதவர் பழந்தேறலோடு சுட்ட குழல்மீனைப் படைக்கின்றனர். பட்டினப்பாலையில், கள் விற்கும் மனையின் கொடி ஆடும் இடத்தில், முன்றிலிலே மீனும் ஊனும் பொரியும் ஓசை கேட்கிறது. கிண்ணம் வரும்போதெல்லாம் தட்டும் வருகிறது. வழிப்போக்கனாகிய பாணனுக்கு மதுவை மட்டும் நீட்டி அனுப்புவது விருந்தோம்பல் ஆகாது என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

நம் அண்டையிலுள்ள கேரளத்தில் இவ்வழக்கம் இன்றும் முற்றாக அழியவில்லை. அங்குள்ள கள்ளுக்கடைகள் கள்ளினும் உணவுக்கே பெயர்பெற்றவை. கப்பைக் கிழங்கும் காரமான மீன்கறியும் உண்பதற்கென்றே அங்குச் செல்வோர் பலர். அவர்கள் கரிமீன் என்று போற்றும் மீனினம் நம் மட்டக்களப்பு வாவியிலும் வாழ்கிறது. மீன் இருக்கிறது, கள் இருக்கிறது, கிழங்கும் இருக்கிறது. நம் தவறணையில் இல்லாதது அவற்றை ஒன்றுசேர்க்கும் மேசை ஒன்றே.

தட்டு விலகிய கதை

மேசை எவ்வாறு மறைந்தது? ஆங்கில ஆட்சி மதுவை வருவாய்ப் பொருளாக்கிற்று. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம் கள்ளை அனுமதிச் சீட்டுக்கும் தவறணைச் சுவருக்கும் உள்ளே அடக்கிற்று. சமூகமோ மரம் ஏறுபவனைச் சாதியால் ஒதுக்கிற்று. அவன் இறக்கியதைப் பருகுவோன் மறைந்து நின்று பருகினான். மறைந்து பருகுவோன் நின்றபடியே பருகுவான், விரைந்து பருகுவான், வெறுவயிற்றோடு பருகுவான். சுவைக்க அங்கே நேரம் ஏது? சுவை போனபின் எஞ்சுவது மயக்கம் ஒன்றே. மயக்கமே வேண்டுமெனில் கள் எதற்கு? அதனினும் விரைவானது கசிப்பு.

தமிழகத்தின் கதை இன்னும் விந்தையானது. அங்கு 1987 முதல் கள் இறக்குவதும் விற்பதும் தடைசெய்யப்பட்டன. 2003 முதலாக அரசின் நிறுவனமே தன் கடைகளில் பியரையும் வடித்த மதுவையும் சில்லறையாக விற்கலாயிற்று. மென்மையான உள்ளூர்ப் பொருளை விலக்கிக் கடுமையானதை அரசே கையளிக்கும் நிலையை எந்த அறநூலைக் கொண்டு விளக்குவது?

இவ்வளவும் எழுதியபின், அன்று எங்களுக்குச் சமைத்துத் தந்த அம்மையாரைப் பற்றிச் சொல்லாதுவிடின் இக்கட்டுரை பொய்யாகிவிடும். நாங்கள் மணத்தையும் சுவையையும் வியந்து பேசிக்கொண்டிருந்ததை அவர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கருப்பநீர் ஒன்றையே வாங்கிப் பருகினார். பின்னர் என்னிடம் சொன்னார்:

"தம்பி, நீங்க மீனத் திண்டுபோட்டுக் குடிக்கிறீங்க. என்ட அப்பா குடிச்சுப்போட்டு வருவார். மறுகா மீன் வாங்கக் காசு இருக்காது."

இச்சொல்லுக்கு மறுமொழி எந்தச் சுவைநூலிலும் இல்லை. குடியால் நொந்த வீட்டில் வளர்ந்த ஒருத்திக்கு, காலைக் கள்ளில் இளநீரின் மென்மை உண்டு என்று யான் எவ்வாறு எடுத்துரைப்பேன்? வள்ளுவர் கள்ளுண்ணாமை என்று தனியோர் அதிகாரமே வகுத்தது இத்தகைய வீடுகளைக் கண்டே ஆகலாம். இந்நாட்டுச் சட்டமும் இப்பெண்களைக் கேட்டு எழுதப்பட்டதன்று. தவறணைக்குள் பெண்ணுக்கு மது விற்கலாகாது என்று 1979இல் விதித்தனர். 2018 ஜனவரியில் அதனை நீக்கினர். சில நாள்களிலேயே அந்நீக்கத்தையும் மீட்டுக்கொண்டனர். பெண் குடிக்கலாமா என்று நாடே வாதிட்டது. ஆண் குடித்துவிட்டு வரும் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்டார் சிலரே.

ஆனால் அம்மையாரின் சொல்லை மீண்டும் மீண்டும் எண்ணிப் பார்க்கையில், அது இக்கலைக்குப் பகையான சொல் அன்று என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் பழித்தது வரிசை மாறியதை. கலயம் முந்தித் தட்டு பிந்தியதை. சங்கப் புலவர் காட்டிய வலைஞர் மனையில் தட்டும் கிண்ணமும் ஒன்றாக வந்தன; அத்தட்டு அவ்வீட்டுப் பெண்டிரும் மக்களும் உண்ட உணவிலிருந்தே வந்திருக்கும். தவறணையில் கிண்ணம் மட்டும் தனித்து நின்றது; தட்டு வீட்டில் வெறிதாய்க் கிடந்தது.

வாகரையில் ஒரு சுவைத்தல்

ஆகவே, வாகரையில் ஒரு நாள் இத்தகைய சுவைத்தல் நிகழ வேண்டும் என்பது என் விழைவு. அது குடிவிழாவாக இருத்தல் கூடாது. 2006ஆம் ஆண்டின் சட்டம் மதுவுக்கு விளம்பரமும் அனுசரணையும் கூடாது என்கிறது, நன்று. நிறுவனங்களின் பதாகைகள் அங்கே வேண்டா. இருபத்தொரு வயது நிரம்பாதார்க்குக் கருப்பநீர்ப் பந்தல் தனியே இருக்கட்டும். மது வேண்டாத பெரியோர்க்கும் அதுவே முதற்பந்தல் ஆகட்டும். உரிமம் பெற்ற தவறணையிலிருந்து அன்று காலை இறக்கிய கள் வரட்டும். அளவு இரண்டு மேசைக்கரண்டி. அதற்குமேல் கேட்பவர்க்கு மற்றொரு துண்டு மீன்.

சமையல் ஊர்ப் பெண்களுடையது. நுழைவுக் கட்டணத்தின் பெரும்பங்கு அவர்கள் கையில் சேரட்டும். வழிகாட்டியாக நிற்க வேண்டியவர் மரம் ஏறுபவர். பாளையின் பருவமும், காற்றின் ஈரமும், முட்டியின் பழமையும் சுவையை எவ்வாறு மாற்றும் என்பதை அவரையன்றி எவர் அறிவார்? நுவரெலியாவின் கரிய பியரும் ஒரு கிண்ணத்தில் வரட்டும். யவனர் கொணர்ந்த தேறலையும் விலக்காது பாடியவர்கள் நம் முன்னோர். பாசிக்குடா விடுதிகளுக்கு வரும் அயல்நாட்டவர், தம் ஊரில் கற்ற சுவைத்தல் முறையை ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு தட்டின் முன் அமர்ந்து மீண்டும் கற்கட்டும். பல தலைமுறையாகத் தலைகுனிந்து பின்வாசலில் முட்டியை இறக்கிய ஒருவர், அன்று ஒரு நாளேனும் முன்வாசலில் நின்று தம் கலையைப் பேசுவார்.

இதனால் கசிப்பு ஒழிந்துவிடும் என்று யான் சொல்லவில்லை. வறுமையும் துயரும் ஊற்றித் தரும் மதுவைச் சுவைநூல் தடுத்துவிடாது. ஆயினும் அளவையும் முறையையும் பழிப்பால் மட்டும் கற்பிக்க இயலாது என்பதை நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தவறணைச் சுவர்கள் நமக்குக் காட்டிவிட்டன. ஒளிந்து கொள்ளும் பொருளுக்கு அளவில்லை. பலர் காண அமர்ந்து, உண்டு, பேசிக் கொள்ளும் பொருளுக்கு அளவு தானே வந்தமையும்.

அம்மையாரிடம் இவ்வெண்ணத்தைச் சொன்னேன். அவர் உடனே இசையவுமில்லை, மறுக்கவுமில்லை. கட்டணத்தை யார் வாங்கி வைப்பது என்று மட்டும் கேட்டார். நீங்களே என்றேன். அப்படியென்றால் எத்தனை பேருக்கு நண்டு வேண்டும் என்று கணக்கிடத் தொடங்கினார்.